புல் வெட்டினான் சிறுவன். போலீசுக்குப் பறந்தது போன்!

மெஷினைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போய் புல் வெட்டி காசு சம்பாதித்த பையன் பற்றி போலீசில் புகார்! திருடினானா? இல்லை. யாரையும் அடித்தானா? அதுவும் இல்லை. பக்கத்து வீட்டுப் புல்லையும் கொஞ்சம் சேர்த்து வெட்டி விட்டான். அவ்வளவுதான் குற்றம்.

அமெரிக்காவில், ஒகையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டிய மேப்பிள் ஹைட்ஸ் என்ற ஊரில் 2018 ஜூன் மாதம் நடந்த சம்பவம் இது.

நடந்தது என்ன?

பையனுக்கு வயது 12. பள்ளிக்கூடம் லீவு. சொந்தக்காரப் பிள்ளைகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு புல் வெட்டும் தொழில் ஆரம்பித்து இருந்தான். அன்றைக்கு ஒரு பெண்மணி வீட்டில் வேலை. அந்த ஊர்களில் இரண்டு வீட்டு முன்புறப் புல்தரைக்கும் நடுவே பெரும்பாலும் வேலி இருக்காது. பார்த்தால் ஒரே பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும். எல்லை எதுவரை என்பது பையனுக்குத் தெரியவில்லை. மெஷின் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது.

பக்கத்து வீட்டில் இருந்து போலீசுக்கு போன் பறந்தது. போலீசும் வந்தது!

வேலை கொடுத்த பெண்மணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நடந்ததை வீடியோவில் பேசி பேஸ்புக்கில் போட்டு விட்டார். பையன் கறுப்பின சிறுவன் என்பதால் விவகாரம் மேலும் சூடு பிடித்தது. நாடு முழுவதும் பரவியது. பையன் மீது வழக்கு எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக, "எங்கள் வீட்டுக்கு வா", "எங்கள் வீட்டுக்கு வா" என்று அழைப்புகள் குவிந்தன. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் நன்கொடை அனுப்பினார்கள். புகார் கொடுத்தவர்கள் பைசா செலவில்லாமல் பையனுக்கு விளம்பரம் செய்து கொடுத்து விட்டார்கள்!

புல்லுக்கு இத்தனை ரகளையா என்று கேட்கத் தோன்றும். அமெரிக்கப் புல் சாதாரணப் புல் இல்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. அபராதம் இருக்கிறது. கோர்ட்டு படியேறிய கதையும் இருக்கிறது.

வெட்டாவிட்டால் அபராதம்

2-வது உலகப்போர் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிய நேரம். வீடு கிடைக்காமல் திண்டாட்டம். நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த வயல்களை வாங்கி, 1947 முதல் 1951 வரை 17 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டித் தள்ளியது லெவிட் கம்பெனி. ஊருக்கே லெவிட்டவுன் என்று பெயர். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் புல்தரை. அதை வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும் என்று நிபந்தனை. வெட்டாமல் விட்டால்? கம்பெனி ஆளே வந்து வெட்டுவான். பின்னாலேயே பில்லும் வரும்!

இன்று அந்த வேலையை நகரசபைகள் செய்கின்றன. புல் இத்தனை அங்குலத்துக்கு மேல் வளரக்கூடாது என்று ஊருக்கு ஊர் விதி இருக்கிறது.

புளோரிடாவில் டனீடன் என்று ஒரு ஊர். அங்கே 10 அங்குலம்தான் கணக்கு. 2018-ல் அந்த ஊர்க்காரர் ஒருவர், காலமான தாயாரின் சொத்து விவகாரங்களைக் கவனிக்க வெளியூர் போய்விட்டார். புல் வெட்ட ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். விதி பாருங்கள், அந்த ஆள் இறந்து போனார்! புல் வளர்ந்தது. அபராதமும் வளர்ந்தது. ஏற்கனவே ஒருமுறை இதே புகாரில் சிக்கியவர் என்பதால் நாள் ஒன்றுக்கு 500 டாலர் போட்டது நகரசபை. மொத்தம் கிட்டத்தட்ட 30 ஆயிரம் டாலர்! பணம் கட்டாவிட்டால் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டு போக முடிவெடுத்தார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2021-ல் கோர்ட்டும் நகரசபை பக்கம்தான் தீர்ப்பு சொன்னது.

இப்போது தெரிகிறதா? வயதானவர்கள், தனியாக இருக்கும் பெண்கள், வெளியூர் போகிறவர்கள், முதுகு வலிக்காரர்கள், எல்லோருக்கும் வாரம் தவறாமல் புல் வெட்ட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாகப் பல ஊர்களிலும் வருகிறவன் தெருக்கோடி வீட்டுப் பையன்தான். 12, 13 வயது. மீசை கூட முளைத்திருக்காது.

அப்பாவின் மெஷின்

தொழிலுக்கு முதலீடு என்ன? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. அப்பாவின் மெஷின் கார் ஷெட்டில் கிடக்கும். அதைத் துடைத்து, எண்ணெய் மாற்றி, பிளேடைச் சாணை பிடித்தால் கடை திறந்தாச்சு. புதிதாக வாங்கினால் சில நூறு டாலர் ஆகும். ஓரங்களை வெட்ட, நைலான் கம்பி சுழலும் கைக்கருவி ஒன்று. ஒரு பெட்ரோல் கேன். ஒரு துடைப்பம். நடைபாதையில் விழுந்த புல்லைக் கூட்டாமல் போகிற பையனுக்கு அடுத்த வாரம் வேலை இல்லை!

இந்த மெஷினுக்கே ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரில் கம்பளித் துணி மில்கள் அதிகம். துணியின் மேல் நீட்டிக்கொண்டு இருக்கும் நூல் பிசிறைச் சீவ அங்கே ஒரு எந்திரம் இருந்தது. எட்வின் பட்டிங் என்பவர் அதைப் பார்த்தார். துணியைச் சீவுகிற மாதிரி புல்லையும் சீவினால் என்ன என்று யோசித்தார். 1830-ல் காப்புரிமை வாங்கினார். அதுவரை அரிவாள் பிடித்த ஆட்கள் வரிசையாக நின்று வெட்டிய வேலை அது.

மெஷின் ரெடி. அடுத்து வாடிக்கை பிடிக்க வேண்டும். பையன்கள் ஒரு நோட்டீசு எழுதி கதவைத் தட்டுகிறார்கள். இதில் சாமர்த்தியசாலிகள் ஒரே தெருவில் நாலைந்து வீடு சேருகிற மாதிரி பார்த்துக் கொள்வார்கள். காரணம் இருக்கிறது. 16 வயது வரை கார் ஓட்ட லைசென்சு கிடைப்பது கஷ்டம். மெஷினைக் கையால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தெருவுக்குத் தெரு ஒரு வீடு என்றால் வெட்டுகிற நேரத்தைவிட தள்ளுகிற நேரம் அதிகம்!

"எவ்வளவு கேட்கிறாய் தம்பி?"

இந்தக் கேள்வியில்தான் பாதி பேர் கோட்டை விடுகிறார்கள். பயந்துபோய் வாயில் வந்ததைச் சொல்லி விடுவார்கள். முன்புறம் மட்டுமா, பின்புறமும் சேர்த்தா? சரிவு உண்டா? மரத்தடி, பூப்பாத்தி எத்தனை? நாய் உண்டா? இதை எல்லாம் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் விலை சொல்ல வேண்டும். அப்படியே "உங்கள் இடம் எதுவரை?" என்று கேட்டு அடையாளமும் பார்த்துக்கொள்ள வேண்டும். மேப்பிள் ஹைட்ஸ் விவகாரத்துக்குப் பிறகு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் தடவை வளர்ந்து கிடக்கும் புல்லுக்கு ஒரு விலை, பிறகு வாரா வாரம் வெட்டுவதற்கு ஒரு விலை என்று பேசுகிறவன் கெட்டிக்காரன். முழங்கால் உயரப் புல்லை வாராந்திரக் கூலிக்கு ஒப்புக்கொண்டவன் பகல் முழுக்க அந்த வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

மூன்றில் ஒரு பங்கு

வேலையிலும் நுணுக்கம் உண்டு. ஒரே வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுத்தால் புல் வாடும். களை முந்திக்கொள்ளும். வடக்கு மாநிலங்களில் உள்ள புல் வகைகளை 3 அங்குல அளவில் விட்டால் வேர் ஆழமாகப் போகும், வெயில் தாங்கும். தெற்கே உள்ள பெர்முடா புல்லை இன்னும் ஒட்டவே வெட்டலாம். ஈரத்தில் வெட்டக்கூடாது. கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும், சக்கரம் பதிந்த தடம் விழும். வெட்டின தூளை அள்ள வேண்டாம். அப்படியே விட்டால் அதுவே உரம்.

பிளேடு மழுங்கி இருந்தால் புல் அறுபடாது, கிழிபடும். மறுநாள் நுனி எல்லாம் பழுப்பு. வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்தாலே தெரிந்து விடும், பையன் சோம்பேறி என்று!

விரல் போச்சு!

இந்தத் தொழிலில் சிரிப்பதற்கு இடமில்லாத பக்கமும் இருக்கிறது. சுழல்கிற பிளேடின் நுனி மணிக்கு 200 மைல் வேகத்துக்குப் பக்கம் போகும். வழியில் ஒரு கூழாங்கல் அகப்பட்டால் துப்பாக்கிக் குண்டுதான். கண் போகும். கார் கண்ணாடி நொறுங்கும். செருப்புப் போட்டுக்கொண்டு தள்ளினால் கால் விரல் போகும்.

1990 முதல் 2014 வரையிலான 25 ஆண்டுகளில் மட்டும் புல் வெட்டும் மெஷினால் காயம்பட்டு அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர்! ஆண்டுக்கு 8 ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலும் கை, விரல், கால், பாதம்.

அதனால்தான் அங்குள்ள குழந்தை டாக்டர்கள் சங்கம், தள்ளுகிற மெஷினைத் தொட 12 வயதாவது ஆகட்டும், உட்கார்ந்து ஓட்டுகிற மெஷினுக்கு 16 ஆகட்டும் என்று சொல்கிறது. 1982-ல் அரசாங்கம் ஒரு விதி போட்டது. கைப்பிடியில் உள்ள கம்பியை விட்ட 3 வினாடிக்குள் பிளேடு நின்றுவிட வேண்டும். நல்ல விதி. ஆனால் கம்பியைப் பிடித்துப் பிடித்து கை வலிக்கிறது என்று சிலர் அதைக் கயிற்றால் கட்டி விடுகிறார்கள்! அடைத்துக்கொண்ட புல்லை எடுக்க, ஓடுகிற மெஷினுக்குள் கையை விட்டால் பிறகு டாக்டர் என்ன செய்வார்?

இத்தனைக்கும் நடுவே 2017 செப்டம்பர் 15-ந்தேதி வெள்ளை மாளிகை ரோஜாத் தோட்டத்திலேயே ஒரு 11 வயது சிறுவன் புல் வெட்டினான். பக்கத்து மாநிலமான விர்ஜீனியாவைச் சேர்ந்தவன். "உங்கள் புல்லை இலவசமாக வெட்டித் தருகிறேன்" என்று ஜனாதிபதி டிரம்புக்குக் கடிதம் எழுதி வாய்ப்பு வாங்கியவன். ஊரில் அவன் கூலி ஒரு வீட்டுக்கு 8 டாலர். ஜனாதிபதி தோட்டத்துக்கு வந்து கூப்பிட்டபோது பையன் காதில் விழவே இல்லை. மெஷின் சத்தம்! அவன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே போன போட்டோ உலகம் முழுவதும் வந்தது. 11 வயதுப் பிள்ளையிடம் இந்த மெஷினைக் கொடுக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

லைசென்சு எங்கே?

பையனுக்கு நாலு வாடிக்கை சேர்ந்ததும் அடுத்த தலைவலி ஆரம்பம். அலபாமா மாநிலம் கார்டன்டேல் ஊரில் 2017 கோடையில் நடந்ததைப் பாருங்கள்.

அங்கே பள்ளி மாணவி ஒருத்தி. லீவில் தெரிந்தவர்கள் வீட்டில் புல் வெட்டினாள். 20, 30, 40 டாலர் என்று இடத்துக்குத் தகுந்த கூலி. இது அதே தொழிலைப் பெரிய அளவில் செய்யும் ஒரு ஆள் கண்ணை உறுத்தியது. மாணவியின் வாடிக்கையாளரிடமே போய், "லைசென்சு இல்லாமல் வெட்டுகிறாள். இனிமேல் பார்த்தால் நகரசபையில் சொல்லி விடுவேன்" என்று மிரட்டல்!

அவன் சொன்னதில் சட்டப்படி தப்பில்லை. அந்த ஊரில் தொழில் லைசென்சு கட்டணம் 110 டாலர். 20 டாலர் கூலியில் பார்த்தால் முதல் ஐந்து வீட்டுப் பணம் அப்படியே நகரசபைக்கு, ஆறாவது வீட்டிலும் பாதி போச்சு.

செய்தி வெளியானதும் மேயர் பதறினார். லீவில் புல் வெட்டும் மாணவர்களுக்குச் சலுகை தரும்படி விதியை மாற்றலாம் என்று சொன்னார். யூட்டா மாநிலத்தில் அதே 2017-ல் சட்டமே வந்தது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் எப்போதாவது செய்யும் சிறுதொழிலுக்கு உள்ளூர் நிர்வாகம் லைசென்சு கேட்கக்கூடாது என்று உத்தரவு. மற்ற மாநிலங்களில்? ஊருக்கு ஒரு விதி. விதி இருப்பதே பல இடங்களில் யாருக்கும் தெரியாது. யாராவது போட்டுக் கொடுத்தால்தான் தெரியும். போட்டுக் கொடுப்பவன் பெரும்பாலும் போட்டிக்காரன்தான்.

விசித்திரச் சட்டம்

இன்னொரு வேடிக்கை. 15 வயதுப் பையன் ஒரு புல் வெட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேரலாம். துடைக்கலாம், கூட்டலாம், கையால் களை பிடுங்கலாம். மெஷினை மட்டும் தொடக்கூடாது! 16 வயது ஆகாதவர்களிடம் மோட்டாரில் ஓடும் புல் வெட்டும் மெஷினையோ, ஓரம் வெட்டும் கருவியையோ முதலாளி கொடுக்கக் கூடாது என்பது மத்திய அரசின் தொழிலாளர் விதி. பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் 3 மணி நேரத்துக்கு மேல் வேலையும் வாங்கக்கூடாது.

ஆனால் அதே பையன் தானே முதலாளியாகி, அப்பா மெஷினைத் தள்ளிக்கொண்டு போனால் அந்த விதி அவனைப் பிடிக்காது. கம்பெனியில் இருந்தால் பாதுகாப்பு, சொந்தத் தொழில் என்றால் ஆண்டவன் விட்ட வழி! பிளேடுக்கு இந்த வித்தியாசம் எல்லாம் தெரியுமா?

கல் தெறித்து கண்ணாடி உடைந்தால் நஷ்டம் யார் தருவது என்பதும் சிக்கல். பெற்றோரின் வீட்டு இன்சூரன்சு இருக்கிறதே என்று நினைத்தால், "இது தொழிலில் வந்த நஷ்டம்" என்று கம்பெனி கைவிரிக்கிற வாய்ப்பு அதிகம். விவரமான பெற்றோர் முதலிலேயே ஏஜெண்டிடம் கேட்டு வைத்துக் கொள்கிறார்கள்.

மருந்து அடிக்கிற விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். "களைக்கொல்லியும் அடித்து விடேன் தம்பி, கூட 10 டாலர் தருகிறேன்" என்பார் வீட்டுக்காரர். அவர் கையால் அவர் புல்லுக்கு அடித்தால் ஒன்றும் இல்லை. பையன் கூலி வாங்கிக்கொண்டு அடித்தால் பெரும்பாலான மாநிலங்களில் அதற்குத் தனி லைசென்சு வேண்டும். அது இல்லாமல் 10 டாலருக்கு ஆசைப்பட்டு மாட்டிக் கொள்ளக்கூடாது.

வந்தது வரி!

சரி, எல்லாம் தப்பித்தாச்சு. பத்து வீடு பிடித்தாச்சு. வீட்டுக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 300. மழையில் கெட்டது, வீட்டுக்காரர் ஊருக்குப் போனது எல்லாம் கழித்து பத்து வாரம் ஓடினால் 3 ஆயிரம். பெட்ரோல், நைலான் கம்பி, பிளேடு சாணை, ரிப்பேர் என்று 500 போனாலும் 2 ஆயிரத்து 500 டாலர் நிகர லாபம்.

பையன் சைக்கிளா, போனா என்று கனவு காணும்போது குறுக்கே வந்து நிற்கிறது வரி இலாகா.

சொந்தத் தொழிலில் ஆண்டுக்கு 400 டாலர் நிகர வருமானம் வந்தால் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வயது வரம்பு கிடையாது. 13 வயது என்றாலும் கணக்கு கணக்குதான். 2 ஆயிரத்து 500 டாலருக்கு வருமான வரி வராது. அந்த அளவுக்கு விலக்கு உண்டு. ஆனால் முதியோர் பென்ஷன், முதியோர் மருத்துவ உதவி ஆகியவற்றுக்கான வரி உண்டு. விகிதம் 15.3 சதவீதம். அதிலும் லாபத்தில் ஒரு சிறு பகுதியைக் கழித்துக்கொண்டு போடுவதால் வருவது 353 டாலர். தாடி மீசை முளைக்காத பையன் தன் கிழ வயதுப் பென்ஷனுக்கு இப்போதே பணம் கட்டுகிறான்!

இதில் பத்திரிகை போடும் பையன்களுக்கு மட்டும் யோகம். 18 வயது ஆகாதவர்கள் வீடு வீடாகப் பத்திரிகை போட்டுச் சம்பாதித்தால் அந்த வரி கிடையாது. புல் வெட்டுகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

நிறையப் பெற்றோருக்கு இது தெரியாது. வரவு செலவை முதல் வாரத்தில் இருந்தே ஒரு நோட்டில் எழுதி வைத்தவனுக்கு மட்டும்தான் அந்த 500 டாலர் செலவைக் கழிக்க முடியும். எழுதாதவனுக்கு 3 ஆயிரத்துக்கும் வரி.

லீவில் புல் தூங்கும்

புதிதாக இறங்குகிற பையன்கள் ஏமாறுகிற இடம் இன்னொன்று. வடக்கு மாநிலங்களில் உள்ள புல் குளிர்காலப் புல். ஏப்ரல், மே மாதத்தில் மடமட என்று வளரும். வாரம் ஒருமுறை போதாது என்கிற நிலைமை. அப்போது பையனுக்குப் பள்ளிக்கூடம், பரீட்சை! லீவு விட்டு, ஜூலை, ஆகஸ்டில் அவன் மெஷினோடு தயாராக நிற்கும்போது வெயிலில் புல் சோர்ந்து தூங்கப் போய்விடும். "இந்த வாரம் வேண்டாம் தம்பி" என்று வீட்டுக்காரர் கதவை மூடுவார். செப்டம்பரில் புல் மறுபடி எழுந்திருக்கும். பள்ளிக்கூடமும் திறந்து விடும்.

தெற்கே இந்தத் தொல்லை இல்லை. பெர்முடா புல்லுக்கு வெயில்தான் ஆகாரம். லீவு முழுக்க வேலை உண்டு.

வடக்கே உள்ளவர்கள் புல் இல்லாத மாதங்களுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். அக்டோபர், நவம்பரில் உதிர்ந்த இலைகளை வாருவது. டிசம்பருக்குப் பிறகு பனி தள்ளுவது. வாடிக்கை அதே வீடுகள். மெஷினுக்குப் பதில் மண்வாரி.

அதிலும் போலீஸ் வந்த கதை இருக்கிறது. 2015 ஜனவரியில் நியூஜெர்சி மாநிலம் பவுண்ட் புரூக்கில் 18 வயது இளைஞர்கள் 2 பேர் பனி தள்ளித் தருகிறோம் என்று வீடு வீடாக நோட்டீசு கொடுத்துப் போனார்கள். போலீஸ் வழிமறித்தது. அந்த ஊரில் அப்படி வீடு வீடாகப் போக பெர்மிட் வேண்டுமாம். கட்டணம் 450 டாலர்! எத்தனை வீட்டுப் பனியை அள்ளினால் 450 டாலர் தேறும்? எச்சரித்து அனுப்பி விட்டார்கள் என்றாலும் மாநிலம் முழுக்க ஒரே கேலி. அடுத்த ஆண்டே, பனிப்புயல் வரப்போகும் நேரத்தில் பனி தள்ளும் வேலை கேட்டுப் போக பெர்மிட் தேவையில்லை என்று அங்கே சட்டம் கொண்டு வந்தார்கள்.

இனி பெட்ரோல் இல்லை

மெஷின் விஷயத்திலும் காலம் மாறுகிறது. புல் வெட்டும் மெஷினின் சின்ன என்ஜின் கக்குகிற புகை பெரிய காரை மிஞ்சுகிறது என்று கலிபோர்னியா அரசு கணக்குப் போட்டது. ஒரு மணி நேரம் மெஷின் ஓட்டினால் கார் 300 மைல் ஓடியதற்குச் சமமான புகையாம். 2021-ல் சட்டம் போட்டார்கள். 2024 முதல் அந்த மாநிலத்தில் விற்கிற புதுச் சரக்கு புகையில்லாததாக இருக்க வேண்டும். அதாவது பாட்டரி. ஏற்கனவே வீட்டில் இருக்கிற பழைய மெஷினை ஓட்டத் தடை இல்லை. அப்பா மெஷின் தப்பித்தது!

பாட்டரி மெஷின் சத்தம் குறைவு. காலையில் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். ஆனால் பத்து வீட்டுக்கு ஒரு பாட்டரி காணாது. இரண்டாவது, மூன்றாவது வாங்க வேண்டும். அதன் விலைதான் பையன்களைக் கையைப் பிசைய வைக்கிறது.

கூலி இல்லாத 50 வீடு

மெஷினே வாங்க வழியில்லாத பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் நகரில் இதற்கு ஒருவர் வழி கண்டுபிடித்து இருக்கிறார். பெயர் ராட்னி ஸ்மித் ஜூனியர். பெர்முடா தீவில் இருந்து வந்தவர். 2015-ல் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டு இருந்தபோது, ஒரு முதியவர் புல் வெட்ட முடியாமல் தள்ளாடுவதை வழியில் பார்த்தார். இறங்கிப் போய் வெட்டிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. முதியவர்கள், ஊனமுற்றவர்கள், தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள், பட்டாளத்துக்காரர்கள் வீட்டில் இலவசமாக வெட்ட ஆரம்பித்தார். பிறகு ஒரு சங்கமே அமைத்தார். 2017-ல் 50 மாநிலங்களுக்கும் போய் வெட்டினார்.

பிள்ளைகளுக்கு அவர் வைத்த சவால் இதுதான்: உங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் வீடுகளில் 50 முறை கூலி வாங்காமல் புல் வெட்ட வேண்டும். வெட்டியதற்குப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். சேர்ந்ததும் ஒரு வெள்ளை பனியன் வரும். கூடவே கண்ணாடி, காதுக்கு மூடி. 10 முடிந்தால் ஆரஞ்சு பனியன். 20-க்குப் பச்சை. 30-க்கு நீலம். 40-க்குச் சிவப்பு. கராத்தே பெல்ட் மாதிரி!

பையன்கள் மட்டும் இல்லை, பெண் பிள்ளைகளும் சேருகிறார்கள். மெஷின் இல்லாதவர்கள் அண்டை வீட்டில் இரவல் வாங்கி வெட்டுகிறார்கள்.

50 முடிந்ததும் கறுப்பு பனியன். அதோடு புத்தம் புது புல் வெட்டும் மெஷின், ஓரம் வெட்டும் கருவி, இலை ஊதும் கருவி மூன்றும் பிள்ளை கைக்கு வருகிறது. ராட்னியே நேரில் கொண்டுபோய்க் கொடுத்த ஊர்கள் உண்டு. மெஷின் சொந்தம். 51-வது வீட்டில் இருந்து கூலி கேட்கலாம்.